இருபத்தைந்து கையெழுத்து

...அதெப்படி இந்தத் தொகுதியில் ஒருத்தருமே இல்லாமல் போகும், மனுவுக்கு வேண்டிய இருபத்தைந்தும் தன் கடைக்கு வருகிறவர்கள் போட்ட கையெழுத்துத்தானே, மரியதாசன் கல்லாவில் கிடந்த வேட்புமனுவை மூன்றாம் தடவையாகப் பார்த்தார், மகள் சர்மிளா பெயர்களைப் பென்சிலால் வெட்டிக்கொண்டே வந்தாள். "அப்பா, டெனிஸ்டன் மாமா பியர்பொன்ட்ஸில, மற்றாக்கள் சென்ட் லோரன்டில இருக்கினம். இந்தத் தொகுதி ஆக்கள்தான் கையெழுத்து வைக்கலாம்." ஓம், எல்லோரும் வீடு வாங்கிப் போய்விட்டார்களே, சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்க வருவதால் இன்னும் இங்கேயே இருப்பதாக நினைத்துவிட்டாரே... கடை இருக்கிற இந்தக் கட்டிடத்தை இடிக்க விடமாட்டேன் என்றுதானே தேர்தலில் நிற்கத் துணிந்தார், அந்த நாளில் மேல்மாடி இரண்டு அறையில் ஊரைவிட்டு வந்த ஒன்பது பேர், டெனிஸ்டன் சம்பல் இடித்தால் கீழ்வீட்டுக்காரன் தடியால் முகட்டில் தட்டுவான், என்ன சிரிப்பு, என்ன அருமையான காலம்! மனுக் கொடுக்க நாலரை மணிவரைதான், இப்போதே இரண்டு.

அந்தக் கால வெள்ளைக்கார முதலாளி டன்வெல் துரைக்கும் இதே கதிதானே... வந்த புதிதில் மரியதாசன் கூட்டித் துடைத்த பழைய மாளிகையில் துரையின் படமும் கீழே வரலாறும் தொங்கின, அதை வாசித்துத்தான் பிரெஞ்சே பழகினார். ஆணி விற்றுத் தொடங்கி, கால்வாயோரம் கோதுமை மா ஆலை கட்டி, ஐம்பது வயதில் தேர்தலுக்கு இறங்கிய மனிதர், ஆலையின் முந்நூறு பேரும் நம்ம ஆட்கள் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தாராம், சொத்தில்லாதவனுக்கு அந்தக் காலத்தில் வாக்கே இல்லை, அது உறைக்கவில்லையே மகாராசனுக்கு! தோற்றார். அடுத்த தடவை கொப்பியும் கையுமாய் முன்பின் தெரியாத வீடுகளுக்குப் போய்ப் பெயர் கேட்டு எழுதி, பதினொரு வாக்கால் வென்று, கடைசியில் மந்திரியும் ஆனார். ஆறு வருடம் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாயே மரியதாசன், வாசித்து வாசித்துச் சிரித்தாயே, மண்டைக்குள் ஏறவில்லையா?

கதவு மணி அடித்தது, மேல்மாடிக் கிழவி, அதே இரண்டு அறையில் இப்போது இருப்பவள். பால், மெழுகுதிரி, பூனைக்கு மீன்டின், கேட்காமலே எடுத்து வைப்பார், பத்தொன்பது வருடப் பழக்கம்... கடவுளே, இவள் இந்தத் தொகுதிதானே! சர்மிளா புதுத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "மேல்வீட்டு மதாமின்ட பேர் என்னப்பா?" மரியதாசன் பால்பெட்டியைக் கல்லாவில் வைத்தார், மதாம்... மதாம் என்ன? ஒருநாளும் கேட்கவில்லையே, வெட்கமாக இருந்தது. கிழவி தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொன்னாள்.

"பொன்ஜூர், முசியூ மரியதாசன்."