சாவியைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவர்கள்

எல்லாருக்கும் சரியாக வேலை செய்கிற கம்ப்யூட்டர் என்னிடம் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? தாட்சாயணி உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். லாட்ஜ் கவுண்டருக்கு எதிரே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் லட்டுப் பையோடு நின்றது. அவர்கள் அறையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். மறந்துவிட்டுப் போனதாக நினைத்து, அவர்களுடைய பெட்டிகளை ஆட்கள் கவுண்டருக்கடியில் போட்டிருந்தார்கள். இது மூன்றாவது தடவை.

அந்தத் திருப்பதி லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம். அதைத் தொடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா பழைய நோட்டே போதும்மா. நீ ஊரப் பாத்துப் போ" என்றார் முதலாளி ரங்கையா. சொந்த ஊரான நகரிக்குப் போன் செய்தால் அம்மா, "ஃபேனுக்கடியில ஒக்காந்துக்கினு வேல, உனுக்கு இன்னா கொற?" என்பாள். "நல்லா கீறேம்மா" என்று வைத்துவிடுவாள். ஹாஸ்டல் அறையில் மூன்று பெண்கள் உண்டு. வேலை நேரம் வேறு என்பதால், அவர்களைத் தூங்கும்போது மட்டும் பார்த்திருக்கிறாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளையே வைத்திருக்கும் லாட்ஜ்காரர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. ரங்கையா தூக்கிப் போட்டதை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். லீவு நாளில் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சென்னம்மா, இன்னொரு லாட்ஜின் கவுண்டர்க்காரி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினி பேர வெளிய நிறுத்தினே?"

"மூணு குடும்பம்."

"அவ்ளோதானா? நான் ஒம்போது. அதுல ஒண்ணு புது மாப்பிள, பொண்ணு. அவங்க கட்டில்ல ஒரு தாத்தா கொறட்ட உட்டுக்கினு கீறாரு."

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

காரணத்தைச் சென்னம்மாதான் சொன்னாள். மலைக்குப் போகிறவர்கள் சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். 'சாவி வந்தது' என்று பதிந்தால் அறை காலி என்று எடுத்துக்கொள்கிறது, இந்த ஊரைப் பார்க்காத எவனோ எழுதிய மென்பொருள்.

"மலைக்குப் போறவங்க சாவி குடுத்தா அதப் பதியாத, அவ்ளோதான்" என்றாள் சென்னம்மா. "மலைக்குப் போனவங்களுக்குத் தனிக் கட்டம் வெக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதறோம். நீயும் கையெழுத்துப் போடு. நீ ஒருத்தி கேட்டா உனுக்குத் தெரியலன்னுவான். பதினாலு லாட்ஜு கேட்டா திருத்துவான்."

இரண்டு மாதத்தில் திருத்தி அனுப்பினார்கள். தாட்சாயணியின் வேலை தப்பியது.

பிறகொரு நாள் பக்கத்து லாட்ஜிலிருந்து யமுனா என்ற புதுப் பெண் போன் செய்தாள். புதுக் கட்டத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை; அதே குழப்பம், அதே அழுகை. தாட்சாயணி பிடித்திருந்த ரிசீவரை ரங்கையா கையால் பொத்தினார்.

"தெரியாதுன்னு சொல்லிடும்மா. அங்க கொழம்பினாதானே ஜனம் நம்ம கிட்ட வரும்? அந்தக் கூட்டத்துக்கும் இனிமே போவாத. நமக்கு வேண்டியது வந்திடுச்சி கதா, இல்லியா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டேன் சார்" என்றாள் தணிந்த குரலில். "எனுக்கு நாலு பேரு சொல்லிக் குடுத்தாங்க. தெரிஞ்சத நமக்குள்ளயே பூட்டி வெச்சா, தெரியாத அன்னிக்கு நமக்குன்னு ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. கைய எடுங்க சார், அந்தப் பொண்ணு காத்துக்கினு கீது."