மூச்சடக்கிய வண்டி

சுண்ணாம்புக்குளத்து நண்டு வியாபாரி வீரராகவனின் வாயிலிருந்து சித்திரை மாதத்தில் புகை வரத் தொடங்கியது. அவருடைய கார் புகை விட மறுத்ததே அதற்குக் காரணம் என்பதில் ஊரில் இருவேறு கருத்து இல்லை. முதலில் பேச்சின் நடுவே நூலிழையாக எழுந்தது. ஒரு வாரத்தில் மூச்சு விடும்போதெல்லாம் எழுந்து, டீசல் நெடியோடு கறுத்துத் திரண்டது. அவர் பீடி தொட்டவரல்லர். நெற்றியில் திருமண் இன்றி வாசற்படி தாண்டாதவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தாம் விற்கும் நண்டின் வாசனையைக்கூட முகராதவர். அவ்வாண்டு நண்டு வரத்துக் குறைந்ததையும், இறால் விலை ஏறியதையும், வீரராகவனின் வாய் புகைந்ததையும் ஊரார் ஒரே குரலில் பேசிக்கொண்டனர்.

அந்தக் காரை அவர் ஆசைக்கு வாங்கவில்லை. மனைவி அம்மணியின் சிறுநீரகங்கள் செயலிழந்தபின், பொன்னேரி மருத்துவமனையில் வாரத்துக்கு இருமுறை அவளுக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கடுத்தது என்ன என்பதை மருத்துவர் சொல்லாமலே இருவரும் அறிந்திருந்தனர். நோய் வந்தது முதல் அவளுக்குப் புகை ஆகவில்லை. பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் பாதி வழியில் வாந்தியெடுத்து நினைவிழந்தாள். ஆதலால் வீரராகவன் படகையும் வலைகளையும் விற்று, காட்டுப்பள்ளித் துறைமுக வேலையை விட்டு ஊர்திரும்பிய பொறியாளர் ஒருவரிடம் பழைய ஹைப்ரிட் காரை வாங்கினார். பெட்ரோலும் மின்சாரமும் முறைவைத்து இழுக்கும் அவ்வண்டி, நின்ற மாத்திரத்தில் இன்ஜினை அணைத்துக்கொண்டு, யோகத்தில் அமர்ந்த முனிவரைப்போல் மூச்சடக்கி நிற்கும். முதல் நாள் அதில் ஏறிய அம்மணி பொன்னேரி வரை உறங்கினாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டிக்குப் புகைச்சான்று பெறவேண்டும் என்பது சட்டம். நெடுஞ்சாலையோரப் பரிசோதனை நிலையத்தில் சுபாஷ் என்பவன் காரின் பின்குழாயில் சோதனைக் குழலைச் செருகினான். கார் நின்றிருந்தது, ஆகவே இன்ஜின் அணைந்திருந்தது, ஆகவே திரையில் எண் எதுவும் எழவில்லை. எண் இல்லாமல் சான்று அச்சாகாது.

“பொகை இன்னா அண்ணாத்தே, வரவே மாட்டேங்குது?”

“வராதுப்பா. அதுக்குத்தானே வாங்கனேன்.”

“வந்தாத்தான் கம்மியா வருதுனு சொல்ல முடியும். வராததை இன்னானு எழுதறது?”

நிற்கும்போதும் இன்ஜினை ஓடவைக்கும் முறை ஒன்று உண்டென்று கார் நிறுவனத்தார் தொலைபேசியில் சொன்னார்கள். அவ்வாறு செய்து காட்டியபோது, அது வண்டியின் இயல்பான ஓட்டமன்று என்று சுபாஷ் குழலை உருவிக்கொண்டான். இயல்பாக நின்றால் எண் இல்லை. எண் வந்தால் இயல்பு இல்லை. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த பழையோர் இந்நிலையத்தைக் கண்டவரல்லர். கண்டிருந்தால் இரங்கலை நீக்கி வேறொன்றை வைத்திருப்பர்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வீரராகவன் ஒரு பிழை செய்தார். ஏரியில் படகோட்டிய எவரும் செய்யக்கூடிய பிழை அது. வண்டி எப்படி ஓடுகிறது என்று ஆய்வாளர் எரிச்சலோடு கேட்டபோது, தமக்குத் தெரிந்த வழியில் விளக்கினார். “நம்ம படகு மாதிரிதான் சார். ஆழத்துல இன்ஜின். மேடு வந்தா இன்ஜினை நிறுத்திட்டுக் கழி ஊனிப் போவோம், சத்தம் கேட்டா எறா கலைஞ்சிடும்னு. இதுல கழிக்குப் பதிலா கரண்டு.” ஆய்வாளர் அதுவரை தலை நிமிரவில்லை. இப்போதும் நிமிராமல், படகுபோல் இயங்குவதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டார் என்று எழுதி, கோப்பை மீன்வளத் துறைக்கு அனுப்பினார். அத்துறை கோப்பைப் படித்தது. இன்ஜின் உண்டு, வலை இல்லை, ஆயினும் விசைப்படகே என்று முடிவுசெய்தது. மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்ததால், தடை நீங்கும்வரை கார் கரையை விட்டு நகரலாகாது என்று ஆணை வந்தது. ஆணை கொணர்ந்தவர் காரின் முன்பக்கத்தில் நங்கூரக் கயிறு கட்டி, மறுமுனையை வாசல் வேம்பில் முடிந்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் அம்மணி பேருந்தில் போனாள். ஆரம்பாக்கத்தில் நினைவிழந்து இறக்கப்பட்டாள். மருத்துவமனை சேராமலே வீடு திரும்பியவளின் கால்கள் ஊதியிருந்தன. அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு வீரராகவன் அரங்கன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை, புகை வந்தது.

அம்மணி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “யோவ், தள்ளிப் போ. ஆஸ்பத்திரிக்குப் போவாம சாவுறதுக்கு முன்னாடி உன்னாலயே செத்துடுவேன் போலகீது.”

“நான் இன்னாமே பண்ணட்டும்? உள்ளே எரியுது.”

“எரியட்டும். ஆனா, தூரமா நின்னு எரி.”

மறுநாள் அண்டைவீட்டு ரோஸ்மேரி அரிவாள்மனையால் நங்கூரக் கயிற்றை அறுத்தாள். துறைமுக நிறுவனத்தில் வேன் ஓட்டுபவள் அவள். அம்மணியைப் பின்னிருக்கையில் சாய்த்து, “அண்ணே, நீ உள்ள குந்தினா அண்ணி தாங்காது. மொபெட்ல பின்னாடியே வா” என்று கதவை அறைந்து மூடினாள். டயாலிசிஸ் முடிந்தது. திரும்பும் வழியில் போக்குவரத்துக் காவலர் மறித்து, அடுத்தமுறை சான்றில்லாமல் கண்டால் வண்டியைப் பறிமுதல் செய்வோம் என்று சொல்லி அனுப்பினர். அடுத்தமுறை என்பது நாலு நாளில் இருந்தது.

அவ்விடத்திலிருந்தே மூவரும் சுபாஷின் நிலையத்துக்குப் போயினர். வீரராகவன் மொபெட்டை நிறுத்தாமலே கத்தினார். முன்னோர், பின்னோர், அலுவலகம், ஆய்வாளர், அவரது நாற்காலி என ஒன்றையும் அவர் விடவில்லை. புகை கொட்டகையின் தகரக் கூரை வரை எழுந்தது. மேசைமேல் கிடந்த குழல் அதை இழுத்துக்கொண்டதும் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. சுபாஷுக்கு வியப்பு எதுவும் இல்லை. குழலை எடுத்து வீரராகவனின் வாயில் செருகினான்.

“ஓனர் பொகையா, வண்டிப் பொகையானு மிஷின் கேக்காது. ஆடாம நில்லு.”

எண் வந்தது. சட்டம் அனுமதித்த அளவைப் போல் பன்மடங்கு வந்தது. ‘தகுதியில்லை’ என்று தாள் அச்சாகி விழுந்தது. இத்தனை காலம் புகை இல்லாமையால் தோற்ற வண்டி, இப்போது புகை மிகுதியால் தோற்றது. வீரராகவனின் சீற்றம் இரட்டித்தது, எண்ணும் இரட்டித்தது. மறுபடி தாள் விழுந்தது.

அப்போது அம்மணி கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. முந்தானை மூக்கை மூடியிருந்தது. கணவனைப் பார்க்காமல் நேரே சுபாஷிடம் போனாள்.

“டேய் கலீஜு, எனக்குக் கால் வீங்கி யானைக்கால் ஆயிடுச்சு. உனக்குப் பொகை வோணுமா? என்னைக் கொளுத்துறப்ப சுடுகாட்டாண்ட வந்து குழாயைச் சொருகு. வேணுங்கிறது வரும். உன் ஆபீசரையும் இட்டுக்கினு வா. ரெண்டு பேரும் குந்திக்கினு எண்ணுங்க. அதுவரைக்கும் எம்புருஷன் வாய்ல இன்னாடா நோண்டறே?”

அவள் நிறுத்தவில்லை. சுபாஷின் பரம்பரையை வரிசைமுறை பிறழாமல் எடுத்துரைத்தாள். நிலையத்தின் உரிமத்தையும் அதை அளித்த கையையும் சபித்தாள். சாலையில் போன லாரிக்காரர்கள் வேகம் குறைத்துக் கேட்டனர். தமக்குச் சொல்லக் கிடைக்காத சொற்களெல்லாம் மனைவியின் வாயில் முறையாக வருவதைக் கேட்டுக்கொண்டு நின்ற வீரராகவனின் தோள் தளர்ந்தது. கறுப்பு சாம்பலாயிற்று, சாம்பல் வெளுத்தது. எண் இறங்கி அளவுக்குள் நின்ற கணத்தில் சுபாஷ் பொத்தானை அழுத்தினான். சான்று அச்சானது. அம்மணி அதைப் பிடுங்கிக்கொண்டு, சொல்லவந்த கடைசி வசவையும் சொல்லி முடித்தபிறகே காரில் ஏறினாள்.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவ்வாறே நடந்தது. வண்டியின் புகைக்குழாய் உரிமையாளரிடத்தில் அமைந்துள்ளது என்று ஆய்வாளர் கோப்பில் எழுதி முடித்தார். தடைக்கால ஆணை மட்டும் நீக்கப்படாமலும் கடைப்பிடிக்கப்படாமலும் கிடந்தது. சென்னையிலிருந்து வேறு ஹைப்ரிட் கார்க்காரர்கள் வந்து, தங்கள் வண்டிக்கும் ஊதித் தருமாறு வேண்டினர். வீரராகவன் அவர்களைத் திட்டி விரட்டினார். அவர்களில் பலருக்கு ஓரிரு மாதத்தில் சொந்தமாகவே புகை வந்துவிட்டதென்று கேள்வி. சோதனை நாளில் அம்மணி அமர்ந்து ஏசுவதற்கென்று சுபாஷ் ஒரு நாற்காலி போட்டுவைத்தான். அவள் அந்த நாற்காலியையும் ஏசினாள்.

மருத்துவமனைப் பயணம் ஒன்றும் தவறவில்லை. ரோஸ்மேரிக்கு வேலை இருந்த நாட்களில் அவள் தம்பி ஓட்டினான். வீரராகவன் மொபெட்டில் பின்தொடர்ந்தார். அவருடைய மூச்சில் மெல்லிய புகை நிலைத்துவிட்டது. கணவனும் மனைவியும் அதற்கேற்ப வாழக் கற்றனர். இருவரும் முற்றத்தில் படுத்தனர். வாடை வீசினால் அவர் கட்டில் தெற்கே கிடந்தது. மேற்கிலிருந்து கச்சான் வீசினால் கிழக்கே. காற்று நடுவில் திசைமாறும் நாட்களில், அம்மணி கண்ணைத் திறக்காமலே குரல் கொடுப்பாள்.

“யோவ், காத்து திரும்பிடுச்சு.”

அவர் எழுந்து, கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிப்போய் மறுபுறம் போட்டுப் படுத்துக்கொள்வார்.