இருவரும் விட்டுக்கொடுத்த காட்சி

என் தம்பி இசையமைப்பாளன். நான் எழுதுகிறவள். இருவரும் சேர்ந்து, பாட்டாலேயே நடக்கும் ஓபரா நாடகம் செய்கிறோம் என்றால், "கலைக் குடும்பம்" என்று மெச்சுவார்கள். ஒத்திகை அறைக்கு வந்து பார்த்தால்தானே லட்சணம் தெரியும்.

கடைசிக் காட்சியில்தான் முட்டிக்கொண்டது. வேலைக்காகத் தூரதேசம் போகும் மகளைத் தாய் வழியனுப்புகிறாள். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளை நினைத்து எழுதியது. தாய்க்குப் பக்கம் பக்கமாக வரிகள் கொடுத்திருந்தேன். தம்பியோ வயலின், செல்லோ, டிரம்பெட் என்று இருப்பதையெல்லாம் அவள் தலையில் கொட்டியிருந்தான். தாயாக நடிக்கும் பாடகியின் வாய் அசைந்தது. என்ன பாடினாள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

"கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுடா. நான் எழுதினது ஒருத்தருக்கும் கேக்கல."

"எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா நான் எதுக்கு?"

அத்தோடு பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை ஒத்திகையிலும் சரிவராவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவேன் என்றார் இயக்குநர். எங்கள் அம்மா இப்போது இல்லை. அந்தக் காட்சியும் போனால் தாங்கமாட்டேன்.

வீம்பை விழுங்கிக்கொண்டு பாடகியைக் கூப்பிட்டேன். "போய்ச் சேர்ந்ததும் சொல்லு" என்ற முதல் வரி போதும், மற்றதை விட்டுவிடு, தம்பியின் இசையே பேசட்டும் என்றேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பாடகி அந்த வரியைப் பாடினாள். மகளாக நடிப்பவள் வெளியேறினாள். பாடகி இசைக்காகக் காத்திருந்தாள். வாத்தியக்காரர்கள் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். என் வார்த்தைகள் கேட்கட்டும் என்று, அந்த இடத்தில் வாசிக்கவே வேண்டாம் என அவர்களிடம் தம்பி சொல்லி வைத்திருக்கிறான், அந்த மகானுபாவன். மேடையில் ஒரு தாய் பாட்டும் இல்லாமல், பக்கவாத்தியமும் இல்லாமல் மூடிய கதவைப் பார்த்து நின்றாள்.

இயக்குநர் சலித்துப்போய் எழுந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா இப்படித்தான்க்கா நின்னாங்க."

"நான் போறப்ப ஒரு வார்த்தைக்கு மேல பேசலையே. அதனாலதான் இவளையாவது பேச வச்சேன்."

"நீ இருந்தவரைக்கும் அடக்கிக்கிட்டாங்க. கதவு சாத்தினப்புறம்தான் அழுதாங்க. அப்படி ஒரு அழுகை. நான்தான் கூட இருந்தேன். உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதைத்தான் வாசிக்க வச்சேன்."

இத்தனை வருடம் அம்மாவுக்குக் கல்மனசு என்று நினைத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இயக்குநரிடம் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டேன். அவர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

"அந்த ஒரு வரி போதும்டா. அவ போகட்டும், கதவு சாத்தட்டும். அப்புறம் எல்லாரையும் வாசிக்கச் சொல்லு."

"சத்தமாவா?"

"அம்மா எவ்வளவு சத்தமா அழுதாங்களோ, அவ்வளவு. எனக்குக் கேக்கணும்."