விருந்தினருக்கு வெர்னீஸ் எழுதிய பதினான்கு யோசனைகள்

கரிபியக் கடலில் உள்ள டொமினிக்காத் தீவின் வடகரையில், போர் சோல்யே கிராமத்தில், வெர்னீஸ் லாராண்ட் தன் வீட்டின் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தாள். வந்தவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கையில் ஒரு தாளைத் திணித்துவிடுவாள். அதில் பதினான்கு யோசனைகள் இருந்தன. ஆற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால் கரையேறுங்கள். தென்னையின் நேர்கீழே படுக்காதீர்கள். கடலில் ரப்பர் செருப்பில்லாமல் இறங்காதீர்கள், பாறை இடுக்கில் உடம்பெல்லாம் முள்ளாக உருண்டு ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலி இருக்கும். இப்படிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில் முதல் யோசனை: கடைக்குள் நுழைந்ததும் குட் மார்னிங் சொல்லுங்கள், உச்சி சாய்ந்தால் குட் ஆஃப்டர்நூன், சொல்லாமல் சாமான் கேட்பவரை இங்கே யாரும் மனிதரில் சேர்ப்பதில்லை.

இதை எழுதிய வெர்னீஸ், தன் வாசலிலிருந்து முப்பதடி தள்ளிக் கடை வைத்திருந்த யூடோராவிடம் ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பெரும்புயல் ஊரின் கூரைகளையெல்லாம் பிய்த்துப் போட்டபோது, வெர்னீஸின் முற்றத்தில் பச்சைத் தகரம் ஒன்று வந்து விழுந்தது. அதை அவள் தன் சமையலறைமேல் அடித்துக்கொண்டாள். அது தன் கடைக் கூரையில் இருந்தது என்றாள் யூடோரா. தன் வீட்டுத் தகரமும் பச்சைதான் என்றாள் வெர்னீஸ். அதோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து வெர்னீஸ் உப்பு, புளியெல்லாம் மேட்டுத்தெருக் கடையில் வாங்கினாள். ஒரு மைல் ஏற்றம். நடப்பது உடம்புக்கு நல்லது என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டாள். நடந்து நடந்து முழங்கால் வலி வந்தது. அதற்குத் தைலம் வாங்கவும் அதே ஏற்றத்தில்தான் ஏறினாள். பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் அவளே முதலில் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. தங்கியிருந்த கனடாத் தம்பதி அருவி பார்க்கப் போயிருந்தார்கள். முந்தின நாள்தான் அவர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பு விஷயத்தில் கால்மணி நேரம் பாடம் எடுத்திருந்தாள். இப்போது மீன் கழுவ வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினாள். இந்தக் கடற்கரையில் பிறந்தவளுக்குச் செருப்பு எதற்கு என்பது அவள் எண்ணம். அவள் எங்கே பிறந்தாள் என்பது கடல் முள்ளெலிக்குத் தெரியாது. கறுப்பு முட்கள் குதிகாலில் கொத்தாக இறங்கின.

ஒன்பதாவது யோசனை அவளுக்கு மனப்பாடம்: முள் குத்தினால் பதறாதீர்கள், வினிகர் ஊற்றினால் இளகிவிடும், வீட்டுக்காரம்மாவிடம் எப்போதும் வினிகர் உண்டு. ஒற்றைக்காலில் தத்திச் சமையலறைக்குப் போனாள். வினிகர் பாட்டிலில் ஒரு செத்த எறும்பு மட்டும் இருந்தது. மேட்டுத்தெருவை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தாள். பிறகு துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முப்பதடியைக் கடக்கத் தொடங்கினாள்.

கடையில் கிளெமென்ட் என்ற கிழவர் ரம் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். யூடோரா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வினிகர் வேண்டும் என்றாள் வெர்னீஸ். யூடோரா தராசின் மறுபக்கத்தைத் துடைத்தாள். ஒரு பாட்டில் போதும் என்றாள் வெர்னீஸ். யூடோரா கிளெமென்டிடம் மழை வருமா என்று கேட்டாள். வரலாம் என்றார் அவர். கோப்பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு யூடோரா திரும்பி, சர்க்கரை டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினாள். அது தன் எழுத்து என்று வெர்னீஸுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. எந்த விருந்தாளியோ விட்டுப்போன தாள். பதினான்கும் இருந்தன.

"மொதல்ல என்ன எழுதியிருக்கு, படி," என்றாள் யூடோரா.

"கால்ல உயிர் போகுதுடி."

"கால் வலிச்சா சொல்ல வேணாம்னு இதுல எங்கயும் போடலையே."

வெர்னீஸ் பல்லைக் கடித்தாள். அறுபத்திரண்டு வயதில், ஒற்றைக்காலில், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, "குட் மார்னிங்," என்றாள்.

"மணி ஒண்ணாகப்போகுது."

"குட் ஆஃப்டர்நூன், யூடோரா."

"குட் ஆஃப்டர்நூன், வெர்னீஸ். வா, இப்படி உக்காரு."

மாவு மூட்டைமேல் அவளை உட்கார வைத்து, பாதத்தை மடியில் எடுத்துப்போட்டு, யூடோரா பாட்டிலைக் கவிழ்த்தாள். கிளெமென்ட் விளக்குப் பிடித்தார். முட்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, ஆறு வருடமாக அடக்கிவைத்ததையும் யூடோரா எடுத்து வெளியே போட்டாள். நாலாவது யோசனையில் எட்டு மணிக்கு என்று போட்ட பஸ் ஏழேகாலுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. வெர்னீஸின் விருந்தாளிகள் தினமும் பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டூல் போட்டுத் தண்ணீர் கொடுப்பது யூடோராதான். பதினோராவதில் யாரையும் கடிக்காது என்று எழுதியிருந்த பக்கத்து வீட்டு நாய் செத்துப்போய்விட்டது. இப்போது அந்த வீட்டில் இருப்பது வேறு நாய், அது கடிக்கும்.

இத்தனை நல்லவர்கள் வந்து தங்கினார்களே, ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லையே என்று பெருமைப்பட்டதை நினைத்து வெர்னீஸுக்கு வியர்த்தது. வினிகரின் எரிச்சலில் வியர்த்ததாகக் காட்டிக்கொண்டாள்.

"அப்புறம் அந்தத் தகரம்," என்றாள் யூடோரா. "அது பள்ளிக்கூடத்துத் தகரம். அடிப்பக்கம் மஞ்சள் பெயிண்ட் இருக்கும், போய்ப் பாரு. பள்ளிக்கூடத்துக்குத்தான் மஞ்சள் அடிப்பாங்க, என் கூரைக்கு நான் ஒருநாளும் அடிச்சதில்ல."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"மூணு வருஷம் இருக்கும். உன் சமையல்கட்டுக் கூரை உள்ளே மஞ்சளா இருக்குன்னு உன் விருந்தாளி ஒருத்தர் சொன்னார்."

"சொல்லியிருக்கலாம்ல?"

யூடோரா கடைசி முள்ளை இழுத்தாள். அது சற்று அழுத்தமாகவே இருந்தது என்று வெர்னீஸ் இன்றும் சொல்வாள். "தப்பு என்மேலன்னு நானே வந்து சொல்லணுமா? நீயும்தான் அண்ணாந்து பாத்திருக்கலாம். உன் சமையல்கட்டுதானே."

அது உண்மைதான். ஆறு வருடமாக அந்தத் தகரத்தின் அடியில் நின்றுதான் சமைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் கடைப் பலகையில் உட்கார்ந்து இருவரும் தாளைப் புதிதாக எழுதினார்கள். பஸ் நேரம் மாறியது, நாய் மாறியது, ஒன்பதாவதில் வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் கடைக்காரம்மா வந்தாள். கொசுக்கடிக்கு எலுமிச்சைச் சாறு தடவலாமா கூடாதா என்ற இடத்தில் பேச்சு தடித்தது. வெர்னீஸ் பேனாவை வைத்துவிட்டுக் கோபமாக எழுந்து போனாள். இரண்டு நாள் மேட்டுத்தெருவில் ஏறினாள். மூன்றாம் நாள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.