தொண்ணூற்றொன்பது

வார்டுகளில் அந்த லேப்காரருக்கு 'வம்பு' என்று பெயர். தமனியில் எடுக்க வேண்டிய ரத்தத்தைத் தவறிப்போய்ச் சிரையில் எடுத்து அனுப்பினால் போதும், போனைப் போட்டு நர்ஸுகளைக் கிண்டலடித்தே ஒரு பிடி பிடித்துவிடுவார்.

அன்று காலை இயந்திரம் துப்பிய சீட்டைப் பார்த்ததும் கை தானாகப் போனுக்குப் போனது. நாற்பதையொட்டி இருக்க வேண்டிய கரியமில வாயு எண்பத்து நாலு. பி.எச். ஏழு புள்ளி இரண்டு இரண்டு. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. சிரை ரத்தம்தான். அப்படித்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் சீட்டில் இருந்தது மாடி வார்டில் படுத்திருக்கும் அவருடைய அண்ணனின் பெயர்.

ஆனால் அடுத்த வரியில் ஆக்சிஜன் நூற்று நாற்பது. சிரையில் அவ்வளவு ஏது? நர்ஸ் சரியாகத்தான் குத்தியிருக்கிறாள். திட்ட ஆளில்லை.

போனில் எண்களை மட்டும் வாசித்தார். கிண்டலைக் காணோமே என்று நர்ஸ் கேட்டாள்.

"அண்ணன எழுப்பிப் பாரும்மா. டாக்டரக் கூப்பிடு."

சீட்டோடு படியேறி வார்டுக்குப் போனார். அண்ணன் முகம் சிவந்து, உள்ளங்கை வெதுவெதுப்பாகக் கிடந்தார். நாலு நாளாய்த் தூங்காத மனுஷன் இன்றுதான் அசந்து தூங்குகிறார் என்றாள் அண்ணி. ஆக்சிஜன் அளவைச் சொல்ல விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றொன்பது காட்டியது. பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

முந்தின நாள் லேப்காரர்தான் அண்ணியிடம் சொல்லியிருந்தார், பள்ளிக்கூடத்தில் வாங்காத நூறு மார்க்கை அண்ணன் இந்தக் கிளிப்பிலாவது வாங்கட்டும் என்று. அண்ணி அப்போது சிரிக்கவில்லை. விடிந்ததும் ஆக்சிஜன் குமிழைத் திருகிக் கூட்டியிருக்கிறாள். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரருக்குத் தொண்ணூறே தாராளம், அதற்கு மேல் ஊட்டினால் கரியமில வாயு உள்ளேயே தங்கி ஆளை மயக்கிவிடும் என்பது கொழுந்தனுக்கு நன்றாகத் தெரியும். வாய்தான் முந்திக்கொண்டது.

டாக்டர் வந்து ஆக்சிஜனைக் குறைத்தார். மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் முகமூடியை இறுகக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்த ரத்தத்தை லேப்காரரே ஓட்டினார். கரியமில வாயு எழுபத்திரண்டு. இறங்குகிறது, இன்னும் கரையேறவில்லை. சீட்டோடு மேலே போனபோது, தோளைத் தட்டியதும் அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து மூடினார்.

"நான்தான் திருகினேன். என்னாலயா?" என்றாள் அண்ணி.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல முடியுமா என்று தேடினார்.

"நான் சொன்னதத்தான் செஞ்சீங்க அண்ணி. தப்பு என்னோடது."

அவள் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. அடுத்த ரத்தம் லேபுக்கு வரும் நேரம்.