வேலையில்லாத தேவதூதர்

1

எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம். அது இறைச்சி விலக்கும் தவக்காலமாக இருக்கவேண்டும், நினைத்தாலே நாக்கில் உப்புமீன் ருசி வருகிறது. ஆனால் எங்கள் கன்னியர் மடத்தில் வருடம் முழுவதும் உப்புமீன்தான். இன்று வாசல்காவலன் கோபெர்ட் யாரிடமோ இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திருத்த வாயெடுத்தேன், யாரும் பேசக்கூடாத மௌன நேரம். அதனால் எழுதி அழிக்கும் மெழுகுப் பலகையை எடுத்தேன். கதை பிறந்தது இப்படித்தான்.

முதல் தொடக்கம்: லுவார் ஆற்றங்கரையில் நற்குணங்கள் நிறைந்த ஒரு புனிதவதி—

(தேய்த்துவிட்டேன். அவரே படித்தால் சிரிப்பார்.)

இரண்டாவது: எங்கள் மடத்துத் தலைவி ஹெர்சென்டிஸ் அம்மா இறந்துபோனார், பிறகு கஞ்சி கேட்டார்.

இது இருக்கட்டும்.

2

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சொர்க்கம் என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை. பல வருடங்களாக அவர் லத்தீனில் கவிதை எழுதி, பேராலயத்தில் இருந்த ஒடெல்ரிக் சாமிக்கு அனுப்பிவந்தார். அந்த வட்டாரத்தில் எது கவிதை, எது வெறும் ஓசை என்று அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. ஒவ்வொரு முறையும் பதில் வரும்: அம்மாவின் பணிவு, அம்மாவின் கற்பு. கவிதையைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

காய்ச்சலில், சாகப்போகிறவர்களுக்கான வழக்கப்படி சாம்பல்மேல் கிடத்தியபோதும் அவர் கேட்டது இதுதான்.

"செபமெல்லாம் இருக்கட்டும். ஒடெல்ரிக் சாமி ஏதாச்சும் எழுதியிருக்காரா?"

எழுதவில்லை. பிறகு அவர் பேசவில்லை. மூக்கில் வாத்திறகு வைத்துப் பார்த்தோம்; அசையவில்லை. (அசைந்தது என்று இப்போது தோன்றுகிறது. முடிவு தெரிந்தபின் எல்லா இறகும் அசையும்.)

தலைவி இறந்தால் தோல்சுருள் கிளம்பவேண்டும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவன் மடம் மடமாகப் போவான். ஒவ்வொரு மடமும் அதில் இரங்கல் கவிதை எழுதித் தரும். எங்களுக்கு அந்த ஆள் கோபெர்ட். அவனை விரட்டியவர் துணைத்தலைவி எர்மென்கார்ட்.

"படகு கெளம்பிரும்யா. நின்னு அழாம ஓடு."

"இறக வேணா இன்னொரு தடவ வச்சுப் பாக்கலாமேம்மா."

"இறகுக்காகப் படகு நிக்காது."

படகு அக்கரை சேருமுன் அம்மா கண்விழித்துக் கஞ்சி கேட்டார். உப்பு குறைவு என்றும் சொன்னார்.

3

பின்னாலேயே ஆள் அனுப்பினோம். பிடிக்க முடியவில்லை. சாவுச்சுருள் கொண்டுவருகிறவனுக்கு எல்லா மடத்திலும் நல்ல சாப்பாடும் மதுவும் உண்டு. பிடிபட கோபெர்ட்டுக்கு என்ன அவசரம்?

பட்டாணி காய்க்கும் காலத்தில் திரும்பி வந்தான். தொப்பை வைத்திருந்தது. தோட்டத்தில் அம்மா பட்டாணி பறித்துக்கொண்டிருந்தார்.

"புது அம்மாவா? பழைய அம்மா ஜாடையிலயே இருக்காங்களே."

"பழைய அம்மாதான்யா. இன்னும் போகல," என்றார் அம்மா.

கோபெர்ட் கழுத்துச் சுருளைக் கழற்றி, அதையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த முகத்தை எழுதத் தெரிந்தால் நான் எழுத்தாளர்தான்.

"அப்ப நான் அழுததெல்லாம்?"

"எங்கய்யா அழுத?"

"எல்லா எடத்துலயும்தான். ரெண்டாவது கோப்பைக்கு அப்புறம்."

4

சுருளை நான்தான் உரக்கப் படித்தேன். அம்மா பட்டாணி உரித்தபடி கேட்டார்.

"பணிவு, கற்பு, கற்பு, பணிவு. அடுத்தது யாரு? புறாவா? இந்த உடம்பையா புறாங்கறான்?"

பிறகு ஒடெல்ரிக் சாமியின் கையெழுத்து வந்தது. அம்மாவின் கை நின்றது. (இங்கே வரிகளை அழகாக்கக் கை துறுதுறுக்கிறது. செய்யமாட்டேன்.) அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இயேசு உயிர்த்தெழுந்த விழாவுக்கு இவர் எழுதிய கவிதை எனக்கு மனப்பாடம். மூன்றாம் வரியில் வரும் தேவதூதருக்கு அங்கே வேலை இல்லை, சும்மா நிற்கிறார். மற்ற வரிகள் என்னுடையவையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்."

எர்மென்கார்ட் சுரண்டுகத்தியோடு எழுந்தார். "செத்தவங்களுக்கு எழுதற லட்சணமா இது? அந்த எடத்தச் சுரண்டி எடுத்துரலாம்."

"கத்தியக் கீழ வை, எர்மென்கார்ட். என் கவிதைய ஒருத்தர் படிச்சிருக்காரு." பிறகு என்னிடம்: "இன்னொருவாட்டி படி. அந்தத் தேவதூதர்கிட்டருந்து."

அன்று மாலை செபத்துக்கு அம்மா தாமதமாக வந்தார். கன்னத்தில் பட்டாணித்தோல் ஒட்டியிருந்தது. வழக்கத்தைவிட உரக்கப் பாடினார்.

5

அம்மா உயிரோடு இருக்கும் செய்தி கேட்டு ஒடெல்ரிக் சாமி கோவேறு கழுதையில் வந்து இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"செத்துட்டீங்கன்னு நெனச்சுதாம்மா உண்மைய எழுதிட்டேன்."

"உசுரோட இருந்தா எழுதமாட்டீங்களோ?"

"ஒரு கன்னியாஸ்திரி கவிதைய நான் புகழ்ந்தா ஊரு காதல்ங்கும். கற்பப் புகழ்ந்தா யாரும் வாயத் தொறக்கறதில்ல."

"எனக்குன்னா அந்தக் கற்பக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு, சாமி."

சாமி முதலில் தரையைப் பார்த்துச் சிரித்தார். இருவரும் பேரிக்காய் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு மௌன நேரம் வந்துவிட்டது, மேல்மாடிக்குப் போனேன். சன்னல் வழியே பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை.

அங்கே என்ன பேசியிருப்பார்கள்? ஒரு முடிவில் சாமி மன்னிப்புக் கேட்கிறார். தேய்த்துவிட்டேன். இன்னொன்றில் அம்மா அழுகிறார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, ஆகவே அதுவும் போயிற்று. மூன்றாவதில், ஊர் சொல்லுமே, அந்தக் காதல்—

நான் கண்டது ஒன்றுதான். அம்மா எழுந்து, யார் கையிலிருந்தோ ஒரு ஜாடியை வாங்குவதுபோல் காற்றில் கை நீட்டினார். சாமி கைதட்டினார். அந்தப் பேச்சை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மெழுகில் இடம் விட்டிருக்கிறேன்.

6

கவிதையின் மூன்றாம் வரி மாறியது. இயேசுவின் கல்லறை காலியாக இருப்பதைக் கண்டு திகைத்து நிற்கும் பெண்களின் கையிலிருந்து வாசனைத் தைல ஜாடிகளைத் தேவதூதர் வாங்கி வைத்துக்கொள்கிறார். கை காலியானால்தானே அவர்கள் இயேசு உயிர்த்த சேதியைச் சொல்ல ஓடமுடியும்.

ஹெர்சென்டிஸ் அம்மா இன்னும் சில வருடங்கள் இருந்து, நிறைய எழுதி, உண்மையாகவே இறந்தார். எர்மென்கார்ட் இறகை நெடுநேரம் பிடித்திருந்தார். இரண்டு படகுகள் போயின. இப்போது அவர்தான் தலைவி. கோபெர்ட் மறுபடி சுருளோடு போனான், "இந்தத் தடவ நெசந்தானா?" என்று எல்லா மடத்திலும் கேட்டார்களாம். இப்போது வாசல் காக்கிறான், கதையைத் தப்பாகச் சொல்கிறான். நான் அன்றுபோலவே மடத்துப் பாட்டுக் குழுவில்தான் இருக்கிறேன்.

ஒடெல்ரிக் சாமிக்குக் கண்பார்வை போய்விட்டது. இரண்டாவது சுருளில் அவர் சொல்ல யாரோ எழுதிய ஒற்றை வரி இருக்கிறது: "தேவதூதர் இப்போது வேலை செய்கிறார்."