டிரம் சாரின் மூச்சு

டிரம் சார் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டாம் தடவையாக சி.டி. ஸ்கேன் மேஜையில் படுத்தார். ஆராய்ச்சிக்கென்று கொடுத்த மெஷின் இது. மனிதர்களைப் படுக்கவைக்க இன்னும் அனுமதி வரவில்லை. அதுவரை தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்மைத்தான் படம் எடுக்கிறோம். கதிர் அளவைக் கணக்குப் போடுபவர் அவர், பட்டன் அழுத்துபவள் நான். "எங்க வீட்டுக்காரர் தண்ணிக்கு நோய் பாக்குறவர்" என்று அவர் மனைவி கேலி செய்வார். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

கதிர்வீச்சைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, குழந்தைகளைக்கூட பயமில்லாமல் படம் எடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. காலையில் ஒரே பிடிவாதம் அவருக்கு. "டிரம் மூச்சு விடாதும்மா. என் நெஞ்சு எப்படித் தெரியுதுன்னு ஒரே ஒரு தடவை பாத்துடலாம்." தலையில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு புள்ளி. குறைந்த கதிரில் படம் மணல் தூவியதுபோலத்தான் வரும். அது மணலா, கட்டியா?

"மணல்தான். அழிச்சிடு" என்றார், இருமிக்கொண்டே.

"மாட்டேன் சார். இந்த இருமல் எப்போலேர்ந்து இருக்கு?"

"வெளிய தெரிஞ்சா ஆராய்ச்சியையே இழுத்து மூடிடுவாங்க. உன் வேலையும் போகும்."

"போனா போகுது! உங்க வீட்டு அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?" கத்தியேவிட்டேன். "முழுக் கதிர்ல இன்னொரு தடவை படுங்க. மணல்னா காணாம போயிடும். போகலைன்னா, படத்தோட உங்களை நானே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன்."

டிரம்மை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பித்தானில் கை வைத்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றேன் மைக்கில். பிடித்தார். கதிரைப் பிடிக்கும் டிடெக்டர்களைப் பல வரிசையாக வைத்த மெஷின். ஒரு மூச்சு அடங்குவதற்குள் நெஞ்சு முழுவதையும் எடுத்துவிடும். திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மணல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. புள்ளி போகவில்லை.

படுபாவி மெஷின், இவ்வளவு தெளிவாகவா காட்ட வேண்டும்? நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம் சிவந்துகொண்டிருந்தது. மூச்சை விடச் சொல்ல மறந்திருந்தேன். மைக் பட்டனில் விரலை வைத்தேன். வாயைத் திறந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

தலையை மட்டும் திருப்பி, இன்னும் மூச்சை விடாமல், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.